ஒப்புகிறேன், மறுக்கிறேன்: ஆசிரியர் பணிவாழ்வு குறித்த ‘டாலிஸ்’ வினாநிரல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஆசிரியர்களின் பணிநேரம், மனநிறைவு, பள்ளி பற்றிய கருத்துகள் ஆகியவற்றை அறியும் பொருட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2008 முதல் நடத்திவரும் பன்னாட்டு அளவாய்வு ‘டாலிஸ்’ எனப்படுகிறது. இதன் முடிவுகள் கல்வியியல் ஆய்வுகளில் சான்றாக எடுத்தாளப்படும் அளவுக்கு இதன் வினாநிரல் ஒரு பனுவலாக வாசிக்கப்படவில்லை. இக்கட்டுரை அவ்வாசிப்பை மேற்கொள்கிறது. கால அளவை வினவும் பகுதியும் மனப்பாங்கை வினவும் பகுதியும் ஒரே தாளில் இடம்பெற்றாலும் ஒரே தன்மையின அல்ல என்பதை ஜப்பானிய முடிவுகளின் வழி நிறுவி, இவ்வினாக்களைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது நேரும் சொற்சிக்கல்களையும் இந்தியச் சூழலில் விடையளிப்பவரின் நிலையையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆசிரியர் பணிவாழ்வு, வினாநிரல், டாலிஸ், பணிநேரம், மனநிறைவு, மொழிபெயர்ப்பு, கற்பித்தல் சாராப் பணி

முன்னுரை

ஆசிரியர் எப்படி இருத்தல் வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கணமரபு விரிவாகப் பேசியுள்ளது. நன்னூல் பொதுப்பாயிரம் மலையையும் பூவையும் துலாக்கோலையும் நிலத்தையும் நல்லாசிரியருக்கு உவமையாக்குகிறது; ஆசிரியராகத் தகாதோரையும் வகைப்படுத்திக் காட்டுகிறது. ஆனால் ஆசிரியரிடம் ‘உமது வேலை எப்படி இருக்கிறது?’ என்று கேட்கும் இடம் அதில் இல்லை. இலக்கணம் வகுப்பவருக்கு அது தேவைப்படவும் இல்லை. அவ்வினாவை ஒரு முறையியலாக வளர்த்தெடுத்தது இருபதாம் நூற்றாண்டுச் சமூகவியலாகும். 1975இல் வெளிவந்த டான் லார்ட்டியின் ‘பள்ளி ஆசிரியர்’ என்னும் அமெரிக்க நூல் 94 ஆசிரியர்களிடம் நிகழ்த்திய நீண்ட நேர்காணல்களையும் பெரிய அளவிலான வினாநிரல் தரவுகளையும் இணைத்து, ஆசிரியர் தம் தொழிலை எவ்வாறு புரிந்துகொள்கிறார் என்பதை ஆராய்ந்தது. இன்று அந்த இடத்தைப் பெருமளவு நிரப்பியிருப்பது டாலிஸ்.

இக்கட்டுரையாளர் முனைவர் பட்ட ஆய்வுக்காக இவ்வினாநிரலின் சில பகுதிகளைத் தமிழாக்கிப் பயன்படுத்தத் திட்டமிட்டவர். ‘உலக அளவில் நம்பகத்தன்மை நிறுவப்பட்ட கருவி’ என்று ஆய்வு முன்மொழிவில் எழுதவும் செய்தவர். அத்தொடரை இப்போது எழுத இயலாது. அதற்கான காரணங்களே இக்கட்டுரையாக விரிகின்றன.

வினாநிரலின் அமைப்பு

டாலிஸ் 2008இல் 24 நாடுகளில் தொடங்கியது. 2013இல் 34, 2018இல் 48 என நாடுகளும் கல்விப் புலங்களும் பெருகின. 2018 சுற்றில் ஏறத்தாழ 15,000 பள்ளிகளைச் சேர்ந்த 2,60,000 ஆசிரியர்கள் பங்கேற்றனர். கீழ்நிலை இடைநிலைக் கல்வி, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ நடுநிலை மற்றும் உயர்நிலை வகுப்புகள், இதன் மையக் களம். ஒவ்வொரு நாட்டிலும் பொதுவாக 200 பள்ளிகள், பள்ளிக்கு 20 ஆசிரியர்கள், ஒரு தலைமையாசிரியர் என்பது மாதிரியின் வடிவம். விடையளிப்போர் குறைந்தால் அந்நாட்டின் தரவைச் சராசரியில் சேர்ப்பதில்லை. 2013இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தரவு அவ்வாறே ஒதுக்கப்பட்டது. இந்த வகையில் இதன் மாதிரித் தேர்வு கண்டிப்பானது. குறை அங்கே இல்லை.

வினாக்கள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, அண்மையில் முடிந்த ஒரு முழு வாரத்தில் எத்தனை மணிநேரம் எப்பணிக்குச் செலவிட்டீர்கள் என எண்ணிக்கை கேட்பது. மற்றொன்று, ஒரு கூற்றைக் கொடுத்து ‘முற்றிலும் மறுக்கிறேன்’ முதல் ‘முற்றிலும் ஒப்புகிறேன்’ வரையான நான்கு கட்டங்களுள் ஒன்றில் குறியிடச் செய்வது. இந்த நான்கில் நடுநிலைக் கட்டம் கிடையாது. கருத்து இல்லாதவரும், இரு வேறு கருத்துகளைச் சேர வைத்திருப்பவரும் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். இவ்விரு வகை வினாக்களின் விடைகளும் அறிக்கையில் ஒரே வகையான விழுக்காட்டு அட்டவணைகளாக அடுத்தடுத்து அச்சாகின்றன. வாசகர் இரண்டையும் ஒரே தரத்துச் சான்றாகக் கொள்வது இதனால் நேர்கிறது.

மணிக்கணக்கும் மனக்கணக்கும்: ஜப்பான்

இரண்டின் வேறுபாட்டை ஜப்பானைப் போல் தெளிவாகக் காட்டும் நாடு வேறில்லை. 2013இல் முதன்முறையாகப் பங்கேற்ற ஜப்பானின் ஆசிரியர்கள் வாரத்திற்குச் சராசரியாக 53.9 மணிநேரம் உழைப்பதாகக் கூறினர். பங்கேற்ற நாடுகளின் சராசரி 38.3 மணிநேரம். அனைத்து நாடுகளிலும் இதுவே மிக அதிகம். இதனினும் முக்கியமானது உட்கூறு. வகுப்பில் கற்பிக்கும் நேரம் சராசரியாக 19.3 மணிநேரமாக இருக்க, ஜப்பானிய ஆசிரியர் கற்பித்தது 17.7 மணிநேரமே. பிறரைவிடக் குறைவாகக் கற்பித்து, பிறரைவிட மிகுதியாக உழைத்தனர். எஞ்சிய நேரம் எங்கே சென்றது? பாடத்திட்டம் சாராச் செயல்பாடுகளுக்கு 7.7 மணிநேரம், பன்னாட்டுச் சராசரி 2.1. அலுவலகப் பணிக்கு 5.5 மணிநேரம், சராசரி 2.9. பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறை நாள்களிலும் நடைபெறும் விளையாட்டு மற்றும் கலைக் கழகங்களை ஆசிரியரே நின்று நடத்தும் வழக்கம் இவ்வெண்ணுக்குப் பின்னே இருக்கிறது.

அந்த எண் அங்கே ஒரு விவாதத்துக்கு அடிப்படையானது. 1971ஆம் ஆண்டுச் சிறப்புச் சட்டத்தின்படி ஜப்பானின் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மிகைநேர ஊதியம் இல்லை. அதற்கு ஈடாக மாத ஊதியத்தில் 4 விழுக்காடு சேர்த்துத் தரப்பட்டது. டாலிஸ் முடிவுக்குப் பின் 2016இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் தானே நடத்திய பணிநேர ஆய்வில் கீழ்நிலை இடைநிலைப் பள்ளி ஆசிரியருள் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் வாரம் 60 மணிநேரமோ அதற்கு மேலோ உழைப்பது தெரியவந்தது. 2018 டாலிஸ் சுற்றில் சராசரி 56 மணிநேரமாகக் கூடியது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. 2025இல் 4 விழுக்காட்டைப் படிப்படியாக 10 விழுக்காடாக உயர்த்தும் திருத்தம் நிறைவேறியது. பணிச்சுமையைக் குறைக்காமல் பணத்தைக் கூட்டுவது தீர்வாகுமா என்னும் வினா அங்கே தொடர்கிறது. எனினும் ஒரு வினாநிரலின் ஒரு கட்டம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகிப்போன ஓர் ஏற்பாட்டைப் பொதுவிவாதத்துக்குக் கொண்டுவரத் துணைநின்றது என்பதை மறுக்க இயலாது.

இதே 2013 சுற்றில் இதே ஆசிரியர்கள் விடையளித்த வேறொரு வினாவை எடுத்துக்கொள்ளலாம். ‘பள்ளிப்பாடத்தில் தம்மால் சிறக்க முடியும் என்று மாணவரை நம்பச் செய்ய’ உங்களால் எந்த அளவு இயலும் என்பது அவ்வினா. பன்னாட்டுச் சராசரியில் 85.8 விழுக்காட்டினர் இயலும் என்றனர். ஜப்பானில் 17.6 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர். ஜப்பானிய மாணவர்கள் பன்னாட்டுத் தேர்வுகளில் தொடர்ந்து முன்னணியில் இருப்பவர்கள். அவர்களைப் பயிற்றுவிப்போரில் ஆறில் ஒருவரே தம் திறனில் நம்பிக்கை உடையவர் என்று இவ்வெண்ணை வாசிப்பது பொருந்தாது. தம்மைத் தாமே உயர்த்திக் கூறுவதைப் பண்பாகக் கருதாத மொழிச்சூழலில் அவ்வினா ‘நீ உன்னைப் புகழ்ந்துகொள்வாயா?’ என்ற வினாவாக மாறிவிடுகிறது. விடைகளும் அதற்கு உரியனவாகவே அமைந்தன.

டாலிஸ் நடத்துவோர் இதனை அறியாதவர் அல்லர். மனப்பாங்கு அளவுகோல்கள் பல, நாடுகளுக்கிடையே சராசரிகளை ஒப்பிடுதற்குத் தேவையான புள்ளியியல் ஒப்புமையை எட்டவில்லை என்பதை அவர்களுடைய தொழில்நுட்ப அறிக்கையே பதிவுசெய்கிறது. ஓர் அளவுகோலின் உட்கூறுகள் ஒவ்வொரு நாட்டிலும் ஒத்த வகையில் தொடர்புற்றிருக்கலாம். ஆயினும் ‘ஒப்புகிறேன்’ என்பதன் தொடக்கப் புள்ளி நாட்டுக்கு நாடு மாறும். இந்த எச்சரிக்கை தொழில்நுட்ப அறிக்கையில் தங்கிவிடுகிறது. அட்டவணை மட்டும் செய்தித்தாளுக்கும் ஆய்வேட்டுக்கும் பயணம் செய்கிறது. கழற்காய் இட்ட குடம் இட்ட முறையிலேயே திருப்பித் தருவதில்லை என்பது நன்னூலார் தகாத ஆசிரியருக்குச் சொன்ன உவமை. பன்னாட்டு அட்டவணைக்கும் அது பொருந்தும் போலும்.

மணிக்கணக்கு முற்றிலும் தூயது என்பதும் இதன் பொருளன்று. டாலிஸில் மொத்த மணிநேரமும் பணிவாரியான மணிநேரமும் தனித்தனியே கேட்கப்படுவதால் கூட்டுத்தொகை மொத்தத்துடன் பொருந்துவதில்லை. நினைவிலிருந்து சொல்லப்படும் நேரம் மிகைப்படவும் கூடும். ஆனால் இங்கே பிழையின் இயல்பை நாம் அறிவோம். நாட்குறிப்பின் வழியோ நேரடிக் கவனிப்பின் வழியோ சரிபார்க்கவும் இயலும். 17.6 விழுக்காட்டை எதைக்கொண்டு சரிபார்ப்பது?

மதிப்பு, மரியாதை, திருப்தி

டாலிஸில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கூற்று, ஆசிரியப் பணி சமூகத்தில் மதிக்கப்படுகிறது என்பதாகும். 2013இல் சராசரியாக 31 விழுக்காட்டினர் இதனை ஒப்பினர். மலேசியாவில் 84, சிங்கப்பூரில் 68, கொரியாவில் 67, பின்லாந்தில் 59. சுவீடனிலும் பிரான்சிலும் 5. அதே சுற்றில் தம் பணியில் மொத்தத்தில் மனநிறைவு உண்டு என்றோர் சராசரியாக 91 விழுக்காட்டினர். மதிப்பில்லாத பணியில் இத்தனை பேர் எவ்வாறு மனநிறைவு அடைகின்றனர்? கொரியா இப்புதிரை மேலும் சிக்கலாக்குகிறது. சமூகம் மதிக்கிறது என்று மூவரில் இருவர் கூறிய அந்நாட்டில்தான், ஆசிரியரானதற்கு வருந்துவதாக ஐவரில் ஒருவர் கூறினர். அது பன்னாட்டுச் சராசரியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மதிப்பு ஆசிரியரின் தோளில் சுமையாகவும் இறங்கலாம் என்பதை இவ்விரு எண்களைச் சேர்த்து வாசித்தால்தான் உணரமுடிகிறது. அறிக்கைகள் அவற்றைத் தனித்தனி அட்டவணைகளில் வைக்கின்றன.

இக்கூற்றைத் தமிழாக்க முயன்றபோது முதல் சிக்கல் ‘மதிப்பு’ என்னும் சொல்லில் எழுந்தது. ‘சமூகத்தில் ஆசிரியப் பணி மதிக்கப்படுகிறது’ என்பது இயல்பான தமிழாக்கமே. ஆனால் நம் வழக்கில் மதிப்பும் மரியாதையும் இரட்டைச் சொற்களாக வந்தாலும் ஒரே பொருளின அல்ல. மரியாதை எதிர்நின்று செய்யப்படுவது: எழுந்து நிற்றல், வணக்கம் சொல்லுதல், ‘சார்’, ‘டீச்சர்’ என விளித்தல். மதிப்பு என்பது கணிக்கப்படுவது. அதில் விலையும் அடங்கும். வினாவை வாசித்துக் காட்டியபோது மூத்த ஆசிரியர் ஒருவர் மரியாதைக்குக் குறைவில்லை, மதிப்புத்தான் போய்விட்டது என்ற பொருள்பட விடையிறுத்தார். எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று அவரே கேட்கவும் செய்தார். ஒப்புவதும் மறுப்பதும் ஒருசேர நியாயமாகும் இடத்தில் நான்கு கட்டங்களும் பயன்படுவதில்லை.

இரண்டாவது சொல் ‘திருப்தி’. கல்வியியல் ஆய்வேடுகள் ‘பணி மனநிறைவு’ என்று எழுதுகின்றன. ஆசிரியர்கள் திருப்தி என்றே பேசுகின்றனர். ஆங்கில மூலத்தில் அது ஏறத்தாழ ஒரு நுகர்வோரின் சொல். பெற்றது எதிர்பார்த்ததற்கு ஈடாக உள்ளதா என்பதே அங்கு அளவு. தமிழில் திருப்தி ஒரு குணம். ‘இருப்பதைக் கொண்டு திருப்தியாக இருக்கிறேன்’ என்பது பணியிடத்தைப் பற்றிய மதிப்பீடு அன்று. பேசுபவர் தம் மனத்தைப் பற்றிச் சொல்வது. அரசுப் பணி கிடைத்த ஒருவர், அதே தகுதியுடன் தனியார் பள்ளியில் குறைந்த ஊதியத்துக்கு உழைக்கும் நண்பரை அறிந்தவர், திருப்தி இல்லை என்று எழுதுவது நன்றிகெட்ட செயலாகத் தோன்றக்கூடும். எனவே உயர்ந்த மனநிறைவு விழுக்காட்டைப் பள்ளிகளின் நிலைக்குச் சான்றாகக் காட்டும் ஆய்வேடுகளை ஐயத்துடனேயே அணுக வேண்டியுள்ளது. அவ்வகை ஆய்வேடுகள் நம் துறைகளில் மிகுதி. ‘ஆண், பெண் ஆசிரியரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்னும் முடிவுடன் அவை மூடப்படுவதும் நாம் அறிந்ததே.

எண்ணப்படும் ஆசிரியர்

2008, 2013, 2018 ஆகிய மூன்று டாலிஸ் சுற்றுகளிலும் இந்தியா பங்கேற்கவில்லை. மாணவர் திறனை அளக்கும் ‘பிசா’ ஆய்வின் 2009 விரிவாக்கச் சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்று, 74 பங்கேற்பாளர்களுள் கடைசி இடங்களைப் பெற்றன. அதன்பின் பன்னாட்டு ஒப்பீடுகள் மீது இங்கு நிலவும் தயக்கம் விளங்கிக்கொள்ளத்தக்கது.

இந்திய ஆசிரியரைப் பற்றிப் பெரிதும் பேசப்பட்ட ஆய்வுகள் அவரிடம் வினவியவை அல்ல, அவரை எண்ணியவை. மைக்கேல் கிரெமர், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, 20 மாநிலங்களில் சுமார் 3,700 பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று, 25 விழுக்காட்டு ஆசிரியர் பள்ளியில் இல்லை என்று பதிவுசெய்தது. ‘நான்கில் ஒருவர் வருவதில்லை’ என்று அது பொதுப்பேச்சாயிற்று. 2017இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 619 பள்ளிகளில் மேற்கொண்ட ஆய்வோ, உரிய காரணமின்றி வராதோர் 2.5 விழுக்காட்டினரே என்றது. விடுப்பு, பயிற்சி, பிற அலுவல் ஆகியவற்றைப் பிரித்துக் கணக்கிட்டது. இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பரப்பில் நிகழ்ந்தவை. ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய் என்று சொல்ல இயலாது. ஆனால் வகுப்பில் வெறுமையாகக் கிடக்கும் நாற்காலி ஒன்றே. அதற்கு இடப்படும் பெயர் ‘வராதவர்’ என்பதா, ‘அனுப்பப்பட்டவர்’ என்பதா என்பதில்தான் இவ்வாய்வுகள் வேறுபடுகின்றன. அப்பெயரை முடிவுசெய்ய ஆசிரியரிடமும் கேட்டாக வேண்டும்.

கேட்டதன் பயனைத் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிருவாக நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. ஆசிரியரின் ஆண்டுப் பள்ளிநேரத்தில் கற்பித்தலுக்குச் செல்வது 19.1 விழுக்காடு என்றது அது. கற்பித்தலோடு தொடர்புடைய பிற பணிகளுக்கு 42.6, கற்பித்தல் சாராப் பள்ளிப் பணிகளுக்கு 31.8, பிற துறைப் பணிகளுக்கு 6.5 என எஞ்சியவை பகுக்கப்பட்டன. கற்பித்தல் என்பதற்கு இவ்வளவு குறுகிய வரையறை தேவையா என்று வாதிடலாம். எனினும் ஜப்பானைப் போலவே இங்கும் சிக்கலின் இருப்பிடத்தைச் சுட்டியது நேரக் கணக்கே.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியன தவிரக் கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. அதாவது சட்டமே அனுமதிக்கும் விலக்குகளுள் முதலாவது, பிறரிடம் வினாநிரல் நிரப்பும் பணி. வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தவருக்கு, படிவத்தில் எழுதப்படுவது எவ்வாறு உருவாகிறது என்பது ஆய்வாளரைவிட நன்றாகத் தெரியும். வாசலில் நின்றபடி சொல்லப்படும் வயது, தயங்கிச் சொல்லப்படும் தொழில், கேட்காமலே நிரப்பப்படும் கட்டம் யாவற்றையும் கண்டவர் அவர். அத்தகையவரிடம் நாம் நான்கு கட்டத் தாளை நீட்டுகிறோம். போதாக்குறைக்கு, நாள்தோறும் இணையவழியில் விவரப் பதிவேற்றம் செய்து பழகியவருக்கு ஆய்வாளரின் தாளும் மேலிடத்துக்குச் செல்லும் மற்றொரு படிவமாகவே தோற்றமளிக்கிறது. அரசை விமர்சித்தலைக் கட்டுப்படுத்தும் 1973ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்கீழ் பணிபுரிபவரிடம், பள்ளி நிருவாகம் பற்றிய கூற்றுகளை ஒப்புமாறும் மறுக்குமாறும் கேட்கும்போது, ‘பெயர் எழுத வேண்டா’ என்னும் ஒரு வரி போதிய காப்பாகுமா என்பதை ஆய்வுநெறிக் குழுக்கள் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. சிறிய பள்ளியொன்றில் பாடமும் பணிக்காலமும் எழுதிவிட்டால் பெயர் எழுதாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும்.

ஐந்து விழுக்காட்டு வினா

டாலிஸ் 2018இல் இடம்பெற்ற ஒரு வினா தனித்துச் சுட்டத்தக்கது. கல்விக்கான நிதி 5 விழுக்காடு உயர்த்தப்பட்டால் எவற்றுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும் என்று அது கேட்கிறது. கூடுதல் ஆசிரியரை நியமித்து வகுப்பின் அளவைக் குறைத்தலுக்கு 65 விழுக்காட்டினரும், ஊதிய உயர்வுக்கு 64 விழுக்காட்டினரும், தரமான பணியிடைப் பயிற்சிக்கு 55 விழுக்காட்டினரும் உயர் முன்னுரிமை அளித்தனர். ஆசிரியரின் உணர்வை அளப்பதை விடுத்து அவருடைய தீர்ப்பைக் கேட்பதால் இவ்வினா பிற மனப்பாங்கு வினாக்களினின்று மேம்பட்டு நிற்கிறது. ஆனாலும் ஒவ்வோர் இனமும் தனித்தனியே மதிப்பிடப்படுவதால், எல்லாவற்றுக்கும் உயர் முன்னுரிமை என்று குறித்துவிட இயலும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டும் என்னும் நிலை, அதாவது நிதி ஒதுக்கீட்டின் உயிர்நிலை, வினாவில் இல்லை.

இதனாலேயே இக்கட்டுரையாளர் தம் ஆய்வுக்கருவியில் ஒப்புதல் கட்டங்களைப் பெரும்பாலும் கைவிட்டு, இரண்டு பகுதிகளை வைத்துக்கொண்டுள்ளார். ஒன்று, ஒரு வாரத்தின் நாட்குறிப்பு: மணி அடித்தது முதல் வீடு திரும்பிய பின் விடைத்தாள் திருத்தியது வரை, ஆசிரியர் தம் சொற்களிலேயே எழுதுவது, வகைப்படுத்தல் ஆய்வாளரின் பொறுப்பு. மற்றொன்று, 100 ரூபாயைப் பள்ளியின் தேவைகளுக்குப் பகிர்ந்தளிக்கச் சொல்லும் வினா. இதில் ஒன்றுக்குக் கூட்டினால் மற்றொன்றில் குறைத்தே ஆகவேண்டும். இக்கருவிக்கும் குறைகள் உண்டு. நாட்குறிப்பு எழுதுவதே ஆசிரியரின் மீது ஏற்றப்படும் மற்றொரு கற்பித்தல் சாராப் பணி என்பது அவற்றுள் முதன்மையானது. அதற்கு ஏற்ற விடை இன்னும் கிடைக்கவில்லை. முன்னோட்டமாகத் தாளைக் கொடுத்தபோது ஆசிரியை ஒருவர் முதல் பக்கத்தைப் புரட்டாமலே, நிரப்பிய பின் இது யாரிடம் போகும் என்று கேட்டார். ஆய்வேட்டுக்கு என்று விடை கூறப்பட்டது. அதன்பின் யாரிடம் என்பது அவருடைய அடுத்த வினா. கருவியின் இறுதிப் பக்கத்தில் இப்போது அவ்விரு வினாக்களும் அச்சிடப்பட்டு, அவற்றுக்கான ஆய்வாளரின் விடைக்கு இடம் விடப்பட்டுள்ளது.